எதையும் இருமுறை சரிபார்க்கும் தம்பிக்கு எந்தத் தொழில் பொருந்தும்?

ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த, எதையும் இருமுறை சரிபார்க்கும் உங்கள் தம்பிக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். என் தேர்வு குளிர்சாதன டெக்னீஷியன் வேலை, ஐ.டி.ஐ.யில் இதற்கு 2 ஆண்டுப் படிப்பு உண்டு. மீனுக்கான ஐஸ் கட்டி தயாரிக்கும் பிளாண்ட்களில் குளிரூட்டும் வாயுவாகப் பெரும்பாலும் அம்மோனியாவே ஓடுவதால், வால்வு இணைப்பருகே கந்தகத் திரியைக் கொளுத்திக் காட்டி, வெண்புகை தடித்து எழுகிறதா என்று பார்த்துச் சிறு கசிவையும் பிடிப்பவர், மூக்கை மட்டும் நம்பாமல் நச்சுவாயுவைத் தடுக்கும் முகக்கவசம் அணிபவராகவும், அழுத்தமானியின் அளவை ஒவ்வொரு ஷிப்டிலும் பதிவேட்டில் எழுதுபவராகவும் இருக்க வேண்டும். (அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.) வெல்டர் படிப்பு 1 ஆண்டில் முடிந்துவிடும், உப்புக்காற்று இரும்பை விடாமல் அரிக்கும் இக்கரையில் அதற்கும் வேலை இருக்கிறது. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியதும் அந்த அரிப்புக்கு அஞ்சித்தான்.