மறுமொழி: வுல்சிலியின் இரண்டு பதவிகள்

1859-ஆம் ஆண்டு ஆவணங்களில் பிரிட்டிஷ் படை அதிகாரி கார்னெட் வுல்சிலி ஓரிடத்தில் கேப்டன் என்றும் மற்றோரிடத்தில் லெப்டினன்ட் கர்னல் என்றும் இருப்பதால், எதைக் கட்டுரையில் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியே.

அக்காலப் பிரிட்டிஷ் காலாட்படையில் லெப்டினன்ட் கர்னல் வரையிலான பதவிகளைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் 1871 வரை இருந்தது. இளம் வயதிலேயே தந்தையை இழந்த வுல்சிலிக்கு அந்த வசதி இல்லை. தந்தையின் படைச் சேவையைக் கருதியே 1852-இல் முதல் நியமனம் விலையின்றிக் கிடைத்தது. ஆனால் போரில் மாண்ட அதிகாரியின் இடம் விற்கப்படாமல் அடுத்த நிலையில் இருப்பவருக்குச் சென்றது என்பதால், வசதியற்ற இளைஞர்கள் போர்முனையையே நாடினார்கள். அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று: 1853-இல் பர்மாவில் தொடையில் குண்டுக்காயம், 1855-இல் கிரிமியப் போரின் செவாஸ்தபோல் முற்றுகையில் ஒரு கண்ணின் பார்வை.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் 'பிரெவெட்' என்னும் முறை. போர்க்களச் சேவைக்காக வழங்கப்பட்ட இந்த உயர்பதவி படை முழுவதற்கும் செல்லுமே தவிர, ரெஜிமென்டுக்குள் பழைய பதவியே தொடரும். 1857 இந்தியக் கிளர்ச்சியின் லக்னோ போர்களுக்குப் பின் 25 வயதில் அவர் பெற்றது இதுவே. ஆகவே "90-ஆவது ரெஜிமென்டின் கேப்டன், பிரெவெட் லெப்டினன்ட் கர்னல்" என்று எழுதுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அவர் நடத்திய 1873-74 அசாந்திப் போரையும் எகிப்தில் பெற்ற 1882-இன் தெல் எல் கெபீர் வெற்றியையும் மட்டும் விரித்தெழுதுவோர் இந்தத் தொடக்க ஆண்டுகளைக் கடந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நீங்கள் அவற்றுக்கு இடமளியுங்கள்.