உத்தரவு போட்டு வந்த பாட்டு இல்லை

கேள்வி: ஜப்பானில் பெரும்பாலான மாகாணங்கள் தங்களுக்கென்று ஒரு அதிகாரபூர்வப் பாட்டு வைத்திருக்கின்றனவாமே. மண் மேல் உள்ள பாசம் தானாக வர வேண்டாமா? அரசாங்கம் பாடச் சொன்னால் அது வெறும் சடங்குதானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சடங்காகவே நின்றுபோன பாட்டுகள் அங்கே நிறைய உண்டு. சொந்த மாகாணப் பாட்டின் முதல் வரிகூடத் தெரியாத ஜப்பானியர்கள் ஏராளம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நகானோ மாகாணத்துக்காரர்களிடம் இப்படிக் கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

அவர்களுடைய பாட்டு 'ஷினானோ நோ குனி'. ஷினானோ என்பது அந்த மண்ணின் பழைய பெயர். 1899இல் இதை எழுதிய அசாய் கியோஷி, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தியவர். இன்று பாடப்படும் மெட்டு, அதே பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்த கிதாமுரா சுவெஹாரு 1900இல் போட்டது. அங்கே படித்து முடித்தவர்கள் மலைக்கிராமப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனபோது பாட்டும் கூடவே போனது. மாகாண அரசு இதைத் தன் பாட்டாக அறிவித்தது எப்போது தெரியுமா? 1968இல். அதற்குள் மூன்று தலைமுறை பாடியாகிவிட்டது. அரசாங்கம்தான் மக்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது? என் எண்ணம் இது: இந்தப் பாட்டு வெறுமனே புகழவில்லை, விவரம் சொல்கிறது. முதல் சரணத்திலேயே 'எங்களுக்குக் கடல் இல்லை' என்று ஒப்புக்கொள்கிறது. சாய், சிக்குமா ஆறுகள் வடக்கே ஓடுகின்றன, கிசோ, தென்ரியூ ஆறுகள் தெற்கே ஓடுகின்றன என்று திசையோடு சொல்கிறது. கடைசிச் சரணத்தில் உசூயி கணவாயின் ரயில் பாதை வருகிறது, அதுவும் 26 சுரங்கங்கள் என்று எண்ணிக்கையோடு. 1893இல் திறந்த பாதை அது, எழுதியவருக்கு அன்றைய அதிசயம். 1997இல் அந்தக் கணவாயில் ரயில் நின்றுவிட்டது. பாட்டில் யாரும் அந்த எண்ணை மாற்றவில்லை.

ஐந்தாம் சரணத்தில் மண்ணின் மைந்தர்கள் நான்கு பேர். அவர்களில் கிசோ யோஷினாகா 1184இல் போரில் மாண்டவர். நிஷினா மொரினோபு 1582இல் தகாதோ கோட்டையைக் காத்து விழுந்தவர். சகுமா ஷோசான் 1864இல் கியோத்தோவில் வெட்டிக் கொல்லப்பட்டவர். தோற்றவர்களையும் தன் பிள்ளைகளாகப் பெயர் சொல்லி நினைக்கிற மண் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

சரி, பாசத்துக்குப் பரீட்சை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. 1876இல் இரண்டு மாகாணப் பகுதிகளை இணைத்து உருவானதுதான் இன்றைய நகானோ. தலைமையிடம் வடக்கே நகானோ நகரில் அமைந்ததில், இணைந்த மற்றப் பகுதியின் மத்சுமோத்தோ நகரப் பக்கத்தாருக்குத் தீராத மனத்தாங்கல். 1948இல் மாகாணத்தையே இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் சட்டமன்றத்துக்கு வந்துவிட்டது. அப்போது பார்வையாளர் மாடத்தில் கூடியிருந்த மக்கள் இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். பாட்டு மட்டுமே பிரிவினையைத் தடுத்தது என்று சொல்லமாட்டேன். அவைக்குள் நடந்த இழுபறிக்கும் பங்கு உண்டு. ஆனால் தீர்மானம் நிறைவேறவில்லை, மாகாணம் பிரியவில்லை. அன்று யார் உத்தரவு போட்டுப் பாடினார்கள், சொல்லுங்கள்?

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மூன்றாம் சரணம் பட்டுப்புழு வளர்ப்பைப் போற்றுகிறது, அந்த மெல்லிய இழைதான் நாட்டின் உயிரைத் தாங்குகிறது என்கிறது. ஆனால் பக்கத்து ஹிடா பகுதியிலிருந்து, பனியில் நொமுகி கணவாயைக் கால்நடையாகக் கடந்து, ஒகாயாவின் நூற்பாலைகளுக்கு வேலைக்கு வந்த சிறுமிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த இழையை இழுத்த விரல்கள் அவர்களுடையவை. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், கேட்டுப் பார்க்க நினைத்தால் முதல் சரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மொத்தம் ஆறு. நான்காவதில் மெட்டே மாறி நடை மெதுவாகும். நிலவுக்குப் பேர்போன ஒபாசுதே மலை அங்கேதான் வருகிறது. ஐந்தாவதில் பழைய வேகம் திரும்பிவிடும்.