கல்யாணப் பாயை முன்னால் வையுங்கள்: பத்தமடை வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எங்கள் ஊர் பத்தமடை. உம்மாவும் சாச்சியும் வீட்டில் கோரைப் பாய் நெய்கிறார்கள். வருகிற வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் இதுவரை கொடுத்து வருகிறோம். இணையம் வழியாக நேரடியாக விற்கலாமா என்று யோசிக்கிறேன். வெப்சைட் போட்டுத் தர ஒருவர் முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். இன்ஸ்டாகிராம் மட்டும் போதும் என்கிறாள் தோழி. எதில் தொடங்குவது? அந்தத் தோழியின் அப்பா வில்லிசைக் குழு வைத்திருக்கிறார். அவருக்கும் இதே வழிதானா?

பதில்: முப்பதாயிரத்தை இப்போது கொடுக்காதீர்கள். வெப்சைட் வேண்டாத பொருள் என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாகப் போட்ட வெப்சைட்டுக்கு ஆள் தானாக வந்து சேராது. வருடா வருடம் அதைப் புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும், போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்காவிட்டால் ஒரு விலையைக்கூட உங்களால் மாற்ற முடியாது. மாதாமாதம் ஆர்டர் வரத் தொடங்கி, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லியே கை ஓயும்போது வெப்சைட்டைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பணத்துக்கு நூலும் நல்ல கோரையும் வாங்கி வையுங்கள்.

எந்த ஆப் என்பதைவிட, எந்தப் பாயை முன்னால் வைப்பது என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம். விரித்துப் படுக்கிற சாதாரணப் பாயை இணையத்தில் வைத்தால், பக்கத்திலேயே இயந்திரத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் பாதி விலைக்கு நிற்கும். வாங்குகிறவருக்குப் படத்தில் வித்தியாசம் தெரியாது. அந்தப் போட்டியில் கைத்தறிப் பாய் ஜெயிக்காது, ஜெயிக்க முயன்றால் உம்மாவின் கூலிதான் குறையும். உங்கள் ஊரின் தனிச்சொத்து கல்யாணப் பாய். மணமகன், மணமகள் பெயரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து கொடுப்பது. கடையில் எடுத்து வைத்து விற்கிற சரக்கு அது இல்லை, கேட்ட பிறகு நெய்வது. சரக்கை முன்கூட்டியே நெய்து அடுக்கி வைக்க வேண்டாம், முன்பணம் வாங்கிக்கொண்டு தொடங்கலாம், இன்னொருவர் விலையோடு ஒப்பிடவும் முடியாது. சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற திருநெல்வேலிக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர்ப் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்புறம் படம். இதில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பாய்கள் பலவற்றை அவற்றின் படமே கெடுத்துவிடுகிறது. நேரில் வாங்குகிறவர் பாயைத் தடவிப் பார்க்கிறார், மடித்துப் பார்க்கிறார், திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். இணையத்தில் அந்த மூன்றையும் நீங்கள்தான் அவருக்காகச் செய்ய வேண்டும். காலை வெயில் முற்றத்தில் சாய்வாக விழும்போது பாயை விரித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அது கோரையின் மினுமினுப்பைத் தின்றுவிடும். நிறத்தைக் கூட்டிக் காட்டுகிற ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். வந்த பாய் படத்தில் இருந்த சிவப்பாக இல்லை என்று தொடங்கும் தகராறுக்கு முடிவே கிடையாது. ஒரு முழுப் படம். நெசவின் நெருக்கம் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து மிக அருகில் ஒரு படம். பின்பக்கம் ஒன்று. பட்டுப் பாய், அதாவது பட்டு மாதிரி மிருதுவாக நெய்த நுண்ணிய பாய் என்றால், துணி மாதிரி மடித்துக் கையில் பிடித்திருப்பது ஒன்று. நீள அகலத்தை அடியில் எழுதுங்கள்.

வீடியோவுக்கு, வேறு யாரிடமும் இல்லாத விஷயம் உங்களிடம் இருக்கிறது. கோரையைக் கீறுவது, தண்ணீரில் ஊறப்போடுவது, காய வைப்பது, தறியில் நீளவாக்கில் நூலைக் கட்டிப் பாவு ஓட்டுவது, ஒவ்வொரு கோரையாக ஊடே செலுத்தி அடித்து இறுக்குவது. ஒரு வேலைக்கு அரை நிமிடம் போதும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்காதீர்கள். தறியின் சத்தமே இருக்கட்டும், இது கையால் செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உம்மாவுக்கு முகம் காட்ட விருப்பமில்லை என்றால் கையை மட்டும் எடுங்கள். கேட்காமல் எடுத்துப் போட வேண்டாம், வீட்டு ஆளாக இருந்தாலும்.

இந்தப் படங்களை எங்கே வைப்பது? வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில். அது இலவசம். அதில் கேட்டலாக் என்று ஒரு பகுதி உண்டு, ஒவ்வொரு பாயையும் படம், அளவு, விலையோடு போடலாம். வீட்டு நம்பர் வேண்டாம், வியாபாரத்துக்கு என்று தனி சிம் வாங்குங்கள். விலையைக் கண்டிப்பாகப் போடுங்கள். ‘விலைக்குத் தனியாகக் கேட்கவும்’ என்று எழுதினால், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் போய்விடுவார்கள், பேரம் பேசப் பிடித்தவர்கள் மட்டும் வருவார்கள். விலையைப் போடும்போது கோரை, நூல், சாயம், தபால் செலவோடு நிற்காமல், உம்மாவும் சாச்சியும் தறியில் உட்கார்ந்த நாட்களுக்கான கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வீட்டு வேலை என்று அந்தக் கூலியை விட்டுவிடுவதுதான் நம் பக்கத்துப் பெண்களின் தொழில்கள் பலவற்றில் நடக்கிற அநியாயம். வியாபாரி விலையைத் தாண்டி நீங்கள் வெளியே வருவதே அதற்காகத்தானே.

அடுத்தது கூகுள் மேப்ஸ். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் போகிறவர்கள் உங்கள் ஊர் வழியாகப் போகிறார்கள். சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் என்பதால் வடக்கேயிருந்தும் பத்தமடைக்கு ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் போனில் ‘பாய் எங்கே கிடைக்கும்’ என்று தேடும்போது நீங்கள் அதில் வர வேண்டும். பதிவு செய்யப் பணம் கிடையாது. நீங்கள் அங்கே தொழில் செய்வது உண்மைதான் என்று காட்டப் பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்பார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிற நேரம் அதிகம் என்றால் முகவரியை மறைத்து வைக்கிற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். நேரில் பார்க்க வேண்டும் என்பவர்களை முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டு வரச் சொல்லலாம். பாய் வாங்கித் திருப்தியானவர்களிடம் இரண்டு வரி மதிப்புரை எழுதக் கேளுங்கள். சொந்தக்காரர்களை விட்டு எழுத வைக்காதீர்கள், படிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தோழி சொன்ன இன்ஸ்டாகிராம் மூன்றாவதாக வரட்டும். அதே படங்களையும் வீடியோக்களையும் அங்கேயும் போடுங்கள், பக்கத்தில் வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள். எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆர்டர் வந்த பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். பெயர் போட்ட பாய்க்குக் குறைந்தது பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். பெயரையும் தேதியையும் போனில் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது. அவர்களே தட்டச்சு செய்து அனுப்பட்டும். நீங்கள் தாளில் வரைந்து காட்டி, ‘சரி’ என்று எழுத்தில் பதில் வந்த பிறகு பாவு ஓட்டுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. பெயர் போட்டது திரும்ப எடுக்கப்படாது என்பதைக் கேட்டலாக்கிலேயே எழுதிவிடுங்கள். நுண்ணிய பாய் நெய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே ஆர்டரை முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோரை காய்வதும் கஷ்டம். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பார்சலுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்த பாயைச் சுருட்டி, உள்ளே பருத்தித் துணி, வெளியே பாலித்தீன், அதற்கு மேல் கெட்டி அட்டைக் குழாய் என்று கட்டி அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்ட் நம்பரை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பாதி போன்கள் குறையும்.

ஒரு மோசடியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ‘நான் ராணுவ அதிகாரி, முப்பது பாய் வேண்டும், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் உங்கள் கணக்குக்கு வரும்’ என்று போன் வரும். சிறு வியாபாரிகளைக் குறிவைத்தே இதைச் செய்கிறார்கள். பணம் வாங்குவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் கேட்டாலே அது உங்கள் பணம் வெளியே போகிற வழி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுவாக வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றாலே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கோரைப் பாய் போன்ற அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு, வருட விற்பனை 20 லட்சத்தைத் தாண்டாதவரை விலக்கு இருக்கிறது. ஆனால் அப்படி அனுப்பும்போது தொகை சிறியதானாலும், சரக்கு போவதற்கு இணையத்தில் எடுக்கிற சீட்டான இ-வே பில் போட வேண்டும். பெரிய விற்பனைத் தளங்களில் சேர்ந்து மாநிலம் தாண்டி விற்க ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். ஆகவே முதலில் தமிழ்நாட்டுக்குள் நேரடி ஆர்டர், அதன் பிறகு ஒரு கணக்காளரைப் பார்த்துவிட்டு மற்றது என்று போவது நல்லது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்பதற்கான சட்டப்படியான முத்திரை இருக்கிறது, அது ஊருக்குப் பொதுவானது. உம்மாவின் பெயரில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டால்தான் அந்த முத்திரையை உங்கள் பாயில் முறைப்படி போட முடியும். 2020-ல் இதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தெருவில் நெய்கிற நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் அலைச்சல் குறையும்.

இனி தோழியின் அப்பா. அவருக்கு வழி வேறு, ஏனென்றால் அவரைக் கூப்பிடுகிறவர்கள் வேறு. ஊர்க் கோயிலில் சாமிக்கு நடத்துகிற கொடை விழாவுக்குக் குழுவைப் பேசுவது கோயில் நிர்வாகிகளும், விழாச் செலவுக்கு வரி கொடுக்கிற வரிதாரர்களும். பக்கத்து ஊர்க் கொடையில் கேட்டுவிட்டு வந்து அச்சாரம் கொடுப்பதுதான் இன்றைக்கும் நடப்பது. அதை இணையம் மாற்றாது. பக்கத்து ஊரில் கேட்காதவரையும் கேட்க வைக்கும், அவ்வளவுதான். அதற்கு யூடியூப் போதும்.

ஆனால் இரவு முழுவதும் பாடியதை அப்படியே ஏற்றிவிட்டு இருக்கக் கூடாது. முழுக் கச்சேரி ஒன்று இருக்கட்டும், ஊர்க்காரர்கள் விரும்பிக் கேட்பார்கள். புதிதாகக் குழு தேடுகிற நிர்வாகிக்கு மூன்று நிமிடம்தான் பொறுமை இருக்கும். சுடலைமாடன் கதையில் அவர் குரல் ஏறுகிற ஒரு இடம், முத்தாரம்மன் கதையில் ஒரு இடம், உடுக்கையும் குடமும் சேர்ந்து வேகமெடுக்கிற ஒரு இடம் என்று தனித்தனியாக வெட்டிப் போடுங்கள். தலைப்பில் கதையின் பெயர், கோயில், ஊர், வருடம் நான்கும் வர வேண்டும். மும்பையில் இருக்கிறவர் தன் ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறார், கொடைக்கு வரி கொடுக்கிறவரும் அவர்தான். கூட்டத்துக்குள் நின்று போனில் பிடித்தால் ஒலிபெருக்கியின் இரைச்சல்தான் பதிவாகும். மைக்செட்காரரிடம் கேட்டு மிக்சரிலிருந்து நேரடியாக ஒலியை எடுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, குரல் தெளிவாக இருக்க வேண்டும். சினிமா மெட்டில் பாடிய பகுதியைத் தவிர்த்துவிடுங்கள், உரிமை கோரி வீடியோவின் வருமானம் வேறு பக்கம் போகலாம், சில சமயம் வீடியோவே முடங்கும். சாமியாட்டத்தைப் படம் பிடிக்கும் முன் நிர்வாகிகளின் அனுமதியைக் கேளுங்கள். சில கோயில்களில் அதை வெளியே காட்டுவதை விரும்புவதில்லை, அந்த மனத்தாங்கல் அடுத்த வருட அச்சாரத்தில் தெரியும்.

வீடியோவுக்கு அடியில் எழுதுகிற விவரத்தின் முதல் வரியிலேயே குழுவின் பெயர், ஊர், போன் நம்பர் இருக்கட்டும். எந்தெந்தக் கதைகள் பாடுவார்கள், குழுவில் எத்தனை பேர், போக்குவரத்தும் ஒலிபெருக்கியும் யார் பொறுப்பு என்பதைக் கீழே எழுதிவிடுங்கள். அச்சாரம் வாங்கிய தேதிகளைத் தோழி ஒரு கூகுள் காலண்டரில் குறித்து வைத்தால், ஆடிச் செவ்வாய்க்கு இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் போன் வரும்போது அப்பா எதற்கு ‘சரி’ சொல்வது என்று குழம்ப வேண்டியிருக்காது.