டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கு, டிரெய்லருக்கு? – கேள்வி பதில்

மோட்டார் கிளைம் சர்வே, அதாவது இன்சூரன்ஸ் பணம் கேட்டு வரும் வண்டிகளின் சேதத்தைப் பார்த்து மதிப்பிடுவது, என் தொழில். டிராக்டர், பிக்கப் என்று பின்னால் எதையாவது கொக்கியில் மாட்டி இழுக்கும் வண்டிகள்தான் எனக்கு அதிகம் வரும். கரும்பு வெட்டு, அறுவடை சமயத்தில் இந்தச் சந்தேகங்கள் நிறைய வருவதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். பலருக்கும் பொதுவானதாக இருப்பவற்றுக்கு இங்கே பதில். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான்.

அண்ணா, டிராக்டருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. பின்னால மாட்டுற டிரெய்லருக்கும் அதுவே போதும்னு டீலர் சொன்னார். சரியா?

சரியில்லை தம்பி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 2(28)-வது பிரிவில் மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே டிரெய்லரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. எஞ்சின் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு வண்டி, அதற்கும் ஆர்.சி. வேண்டும், 146-வது பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடும் (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது.

பாலிசியை எடுத்து வண்டி விவரம் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். டிரெய்லருக்கென்று இருக்கும் இடத்தில் அதன் பதிவு எண் அல்லது சேசிஸ் எண், அதன் ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு), அதற்கான மூன்றாம் நபர் பிரீமியம், இந்த மூன்றும் இருக்க வேண்டும். அங்கே சைபரோ கோடோ இருந்தால் உங்கள் டிரெய்லர் பாலிசிக்குள் வரவே இல்லை என்று அர்த்தம். இரண்டு டிரெய்லர் வைத்து மாற்றி மாற்றி மாட்டுகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். நான் சர்வேக்குப் போனால் முதலில் டிரெய்லர் சேசிஸ் எண் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்பேன், அது பாலிசியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

சார், நடவுக்கு ஆட்களை டிரெய்லர்லதான் ஏத்திட்டுப் போறோம், எங்க பக்கம் எல்லாருமே அப்படித்தான். ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கொடுக்குமா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, இதைத்தான் நான் அதிகம் பயந்து படிக்கிறேன். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் சீட். டிரெய்லர் பொருள் ஏற்றுவதற்கு. அதில் உட்கார்ந்து வரும் ஆட்களுக்குச் சாதாரண டிராக்டர் பாலிசியில் இடமில்லை. டிரெய்லரில் காய்கறியோடு பயணம் செய்து இறந்தவரின் வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொல்லிவிட்டது. 2007-ல் இன்னொரு வழக்கு, அதில் செங்கல் சூளைக்கு மண் எடுக்கப் போன டிராக்டரில் வந்த கூலித் தொழிலாளி அடிபட்டார். அதிலும் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆனால் பாதிக்கப்பட்டவர் ஏழை என்பதால், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது.

‘பே அண்ட் ரெகவர்’ என்று கேட்டதும் கம்பெனி கொடுத்துவிடும் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வேண்டாம். அந்தத் தொகை முழுவதும் உங்கள் தலையில்தான் வந்து விழும், நிலத்தை ஜப்தி செய்யும் அளவுக்குப் போகலாம்.

கிளைமுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பக்கப் பலகை மேல் உட்கார்ந்து வருகிறவர்கள்தான் சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் முதலில் விழுகிறார்கள், விழுவதும் பெரும்பாலும் அந்த டிரெய்லர் டயருக்கு முன்னால்தான். தயவுசெய்து ஆட்களுக்கு ஒரு வேன் பேசுங்கள். ஏற்றி இறக்கும் லோடுமேன்கள் தவிர்க்க முடியாது என்றால், வண்டியைச் சரக்கு வண்டியாகப் பதிந்து, அவர்களுக்குத் தனி பிரீமியம் கட்டி, எத்தனை பேர் என்று பாலிசியில் எழுதி வாங்குங்கள்.

விவசாய டிராக்டர் பாலிசி வைத்துக்கொண்டு வாடகைக்கு எம்சாண்ட், செங்கல் அடிக்கலாமா? பிரீமியம் ரொம்பக் குறைவாக இருக்கிறதே.

குறைவாக இருப்பதற்குக் காரணமே விவசாயத்துக்கு மட்டும் என்ற நிபந்தனைதான். வாடகை லோடு அடிக்கும்போது விபத்து நடந்தால், கம்பெனிக்காரர் எஃப்.ஐ.ஆரையும் லோடு பில்லையும் வைத்தே நிபந்தனை மீறல் என்று எழுதிவிடுவார். மேலே சொன்ன செங்கல் சூளை வழக்கில் நடந்ததும் இதுதான். உங்கள் நெல்லை நீங்கள் கமிட்டிக்கு ஏற்றிப் போவது வேறு, பக்கத்து ஊர்க்காரர் வீட்டு வேலைக்கு ஜல்லி கொட்டிவிட்டுக் காசு வாங்குவது வேறு. வருமானம் அதில்தான் என்றால் சரக்கு வண்டியாக மாற்றிவிடுங்கள். செலவு கூடும்தான், ஆனால் ஒரே ஒரு விபத்தின் நஷ்டஈடு அந்த வித்தியாசத்தைப் போல பல மடங்கு வரும்.

டிராக்டர் லைசென்ஸ் மட்டும் இருக்கு. டிரெய்லர் மாட்டினா தனி லைசென்ஸ் வேணுமா?

டிரெய்லர் மாட்டிப் பொருள் ஏற்றியதாலேயே டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிகளையும் எல்.எம்.வி. (இலகு ரக மோட்டார் வாகன) லைசென்ஸில் ஓட்டலாம் என்று உறுதி செய்தது. லைசென்ஸ் காலாவதியாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டட மேஸ்திரி. கலவை மிஷினை பிக்கப் பின்னால் கட்டி இழுத்துப் போவேன். மிஷினுக்கு நம்பர் எல்லாம் கிடையாது.

சக்கரம் வைத்து மோட்டார் வண்டி இழுக்கும் எதுவும் டிரெய்லர்தான் என்று சட்டத்தை வைத்து வாதிடுவார்கள், பதிவு இல்லாததால் அதைப் பாலிசியில் ஏற்றவும் முடியாது. மிஷின் கழன்று ஓடி யார் மேலாவது மோதினால் பிக்கப் பாலிசிக்காரர் கட்டாயம் தகராறு செய்வார். முடிந்தவரை பிக்கப் மேலேயே ஏற்றிக் கட்டிக்கொண்டு போங்கள், பெரிய மிஷின் என்றால் லாரி வையுங்கள். மிஷின் உடைந்தாலோ திருடு போனாலோ பணம் வர வேண்டுமென்றால் கான்ட்ராக்டர்களின் இயந்திரங்களுக்கென்று தனி பாலிசி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

ராத்திரி ரோட்டோரம் நிறுத்தின டிரெய்லர் பின்னால பைக் வந்து மோதிடுச்சு. நின்ன வண்டிக்கு நான் எப்படிப் பொறுப்பு?

பொறுப்புதான் ஐயா. நிற்கும் வண்டியும் ‘பயன்பாட்டில்’ உள்ள வண்டிதான் என்று நீதிமன்றங்கள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சேறு படிந்து கிடக்கிறது, கரும்பு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் கவனக்குறைவு உங்கள் பக்கம்தான் எழுதப்படும். நடமாட்டம் உள்ள ரோட்டில் டிரெய்லரை மட்டும் கழற்றி விட்டுவிட்டுப் போகாதீர்கள். கழற்றிய நிலையிலும் பாலிசி செல்லுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கி பின் உடைந்து டிரெய்லர் குடை சாய்ந்தது. லோடும் போச்சு. எது எது கிடைக்கும்?

தேய்ந்து உடைந்த பின்னுக்குக் கிடைக்காது. சாய்ந்ததால் நொறுங்கிய பெட்டிக்கும் அச்சுக்கும் டிரெய்லரையும் சேர்த்து எழுதிய பேக்கேஜ் பாலிசி (சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) என்றால் கேட்கலாம், ஆனால் அதிக பாரத்தால் வந்த சேதம் என்று எடைச்சீட்டு காட்டினால் மறுத்துவிடுவார்கள். டயருக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அதுவும் வணிக வண்டியில் டயர், மட்கார்டு, விளக்கு போன்றவற்றுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான். லோடுக்கு மோட்டார் பாலிசியில் ஒரு பைசா கிடையாது, அதற்குச் சரக்கு பாலிசி தனி.

செகண்ட் ஹேண்ட் டிரெய்லர் வாங்கப் போறேன். இன்சூரன்ஸ் பழைய ஓனர் பேர்ல இருக்கு.

மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களுக்கு மாறிவிட்டதாகவே 157-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். வாங்கிய 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் சொந்தச் சேதத்துக்கு ஒன்றும் வராது. பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யைக் கையில் வாங்கி சேசிஸ் எண்ணை நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டறையில் அடித்த, ஆர்.சி.யே இல்லாத டிரெய்லர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.