வரிசையாகப் பச்சை விழ வேண்டுமா? சிக்னல் டைமிங் கேள்வி பதில்

சிக்னல்களுக்கு நேரக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒன்றைத் தாண்டினால் அடுத்ததும் பச்சையாக இருப்பது நம்மூரில் ஏன் நடப்பதில்லை என்று பலரும் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

போரூரிலிருந்து: ஒரு சிக்னலில் பச்சை கிடைத்தால் அடுத்ததில் கண்டிப்பாகச் சிவப்பு. வேண்டுமென்றே வைக்கிறார்களா?

யாரும் வேண்டுமென்றே வைப்பதில்லை. பல இடங்களில் இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவே இல்லை, அதுதான் கோளாறு. நடுவில் 500 மீட்டர், வண்டிகள் மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகின்றன என்றால் 45 விநாடியில் அடுத்த ஸ்டாப் லைனுக்கு வந்துவிடும். ஆக, இங்கே பச்சை விழுந்து 45 விநாடி கழித்து அங்கே விழ வேண்டும். இந்த இடைவெளியைத்தான் ஆஃப்செட் என்கிறோம். நாங்கள் சில விநாடி முன்பே விடச் சொல்வோம், ஏனென்றால் பக்கத் தெருவிலிருந்து திரும்பி வந்து அங்கே ஏற்கெனவே நிற்கிற வண்டிகள் முதலில் கிளம்பி வழிவிட வேண்டுமே.

இதற்கு இரண்டு சிக்னலும் ஒரே சைக்கிள் நேரத்தில், அதாவது ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை ஒரே அளவில் ஓட வேண்டும். ஒன்று 90 விநாடி, மற்றது 110 என்றால் சுற்றுக்கு 20 விநாடி நழுவும், எப்போதாவது தற்செயலாகத்தான் பொருந்தும். அப்புறம் கண்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம். அது தினமும் ஓரிரு விநாடி தள்ளிப்போனாலே ஒரு மாதத்தில் போட்ட கணக்கு எதற்கும் உதவாது. அதனால்தான் ஜிபிஎஸ்ஸை வைத்தோ, கேபிள் வழியாகவோ எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

மதுரையிலிருந்து: அப்படி இணைத்த சாலையில் 60-ல் போனால் எல்லாச் சிக்னலிலும் முந்திவிடலாமா?

மேலே சொன்ன அதே 500 மீட்டரை 30 விநாடியில் போய்ச் சேர்ந்து, 15 விநாடி சிவப்பில் நிற்பீர்கள். 40-ல் வந்தவர் நிற்காமலே உங்களைத் தாண்டிப் போவார். கோபன்ஹேகனில் நோரெப்ரோகேட் என்ற சாலையில் சைக்கிள்காரர்களுக்காகவே 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சிக்னல்களைக் கோத்திருக்கிறார்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: போகும்போது பச்சை வரிசையாக வருகிறது, திரும்பும்போது எல்லாம் சிவப்பு. ஏன்?

நல்ல கேள்வி, எங்கள் வேலையில் மண்டை காய்வது இங்கேதான். ஒரு வழிப் பாதை என்றால் சுலபம். இரு வழி என்றால், ஒரு சிக்னலிலிருந்து அடுத்ததுக்குப் போகும் நேரம் சிக்னலின் சைக்கிள் நேரத்தில் சரிபாதியாக (அல்லது முழுதாக) இருந்தால்தான் இரண்டு திசைக்கும் அழகாகப் பொருந்தும். மேலே சொன்ன 500 மீட்டர், 90 விநாடி சைக்கிள் அப்படி ஒரு அதிர்ஷ்டக் கணக்கு. நிஜத்தில் ஒரு சிக்னல் 180 மீட்டரில் இருக்கும், அடுத்தது 420-ல், நடுவில் ஒரு பஸ் ஸ்டாப், ஒரு கல்யாண மண்டபம். அதனால் காலையில் ஊருக்குள் வருகிறவர்களுக்கும் மாலையில் வெளியே போகிறவர்களுக்கும் சாதகமாகத் தனித்தனித் திட்டம் போடுவோம். நீங்கள் அநேகமாகக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிற ஆளாக இருப்பீர்கள்.

வேளச்சேரியிலிருந்து: 150, 180 விநாடி சிவப்பு எல்லாம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. சைக்கிள் நேரத்தை நீட்டுவதால்தான் சிவப்பும் நீள்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பச்சை மாறும்போது சுமார் 4 விநாடி வீணாகும். நான்கு பக்கம் என்றால் சுற்றுக்கு 16. அறுபது விநாடி சைக்கிளில் அது கால்வாசிக்கு மேல், 120-ல் 13 சதவீதம், 180-ல் 9. ஆக 60-லிருந்து 120-க்குப் போனால் நல்ல லாபம், அதற்கு மேல் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் வரிசை நீண்டு பின்னால் இருக்கிற ஜங்ஷனையே அடைத்துவிடும். அங்கே பச்சை விழுந்தாலும் வண்டி நகர இடமிருக்காது. அந்த நிலைமையில் போலீஸ்காரர் சிக்னலை மேனுவலில் போட்டுக் கையைக் காட்டுவது சரிதான், பெட்டிக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரியும். நெரிசல் விட்ட பிறகும் மேனுவலிலேயே ஓட்டுவதுதான் சிக்கல், போட்ட ஆஃப்செட் எல்லாம் காலி.

கோவையிலிருந்து: எங்கள் ஊரில் பல இடங்களில் சிக்னலையே எடுத்துவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்துவிட்டார்கள். அதுதானே நல்லது?

வண்டிக்கு நல்லது, இடம் இருக்கிற வரை. நடப்பவருக்கு? சிவப்பு இருந்தால் வண்டிகள் நிற்கும், சாலையைக் கடக்க நேரம் கிடைக்கும். இப்போது ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். 21 மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்கப் பதினேழு பதினெட்டு விநாடி வேண்டும், வயதானவருக்கு இன்னும் கூடுதல். யூ-டர்ன் வைக்கிற இடத்தில் நடப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்னல் வைத்தே ஆக வேண்டும் என்பேன்.

திருச்சியிலிருந்து: கேமரா, ஏஐ எல்லாம் வந்துவிட்டதே, இனிமேல் சரியாகிவிடுமா?

கூட்டத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் முறை புதிதல்ல. சிட்னியின் ஸ்காட்ஸும் பிரிட்டனின் ஸ்கூட்டும் 1970-களிலேயே வந்தவை. நம் நாட்டில் திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசுக் கணினி ஆராய்ச்சி நிறுவனம் நம்மூர்க் கலவையான போக்குவரத்துக்கென்றே ஒன்று செய்திருக்கிறது. உதவும், ஆனால் அளவோடு. லாஸ் ஏஞ்சல்ஸ் 1984 ஒலிம்பிக்ஸுக்காக ஆரம்பித்து 2013-ல் ஏறத்தாழ 4,400 சிக்னல்களையும் இணைத்து முடித்தது. அங்கே நெரிசல் ஒழிந்துவிட்டதா என்ன? சாலை தாங்குவதைவிட அதிகமாக வண்டி வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

அதே திருச்சிக்காரர்: எங்கள் தெரு சிக்னல் சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது?

போக்குவரத்துக் காவல்துறையிடம். "சிக்னல் மோசம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. காலை 8.45, எந்தத் திசை, முதல் சிக்னலில் பச்சை விழுந்து எத்தனை விநாடியில் அடுத்ததில் விழுகிறது, இதை நான்கைந்து சுற்று குறித்துக் கொடுங்கள். அதை வைத்தே ஆஃப்செட்டைத் திருத்தலாம்.