வாடகை வந்து தவணையைக் கட்டிவிடுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாடகைக்கு விடுவதற்காக ஒரு ஃப்ளாட் வாங்க நினைக்கிறேன். விலையில் 20 சதவீதம் கையில் இருக்கிறது, மீதிக்கு வீட்டுக்கடன். வாடகை வந்து தவணையைக் கட்டிவிடும் என்கிறார் தரகர். நம்பி இறங்கலாமா? குடிவருகிறவர் சரியில்லாமல் போனால் என்ன செய்வது?"

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். 20 சதவீதம் மட்டும் கையிலிருந்து போட்டு வாங்கும் வீட்டில், பெரும்பாலும் வாடகை தவணைக்குப் போதாது. வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் 80. வட்டி 9 சதவீதம், 20 வருடம் என்றால் ஒரு வருடத் தவணை சுமார் 8.6 வரும். வருட வாடகை 5 என்று வைப்போம். வருடத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் அதில் 0.4 போய்விடும். பராமரிப்புக்கு வருடத்துக்கு விலையில் 1 சதவீதம் ஒதுக்கிவைப்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு, அதற்கு 1. வரி, காப்பீடு, குடியிருப்புச் சங்கக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.4. மிஞ்சுவது 3.2. தவணைக்கு இன்னும் 5.4 துண்டு விழுகிறது. அது வருடா வருடம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதே வட்டிக்கு, வாடகையே தவணையைச் சுமக்க வேண்டுமென்றால் கடன் 30-ஐத் தாண்டக் கூடாது. மீதி 70 கைப்பணம். வட்டியும் வாடகையும் இடத்துக்கு இடம் மாறும், அதனால் உங்கள் எண்களைப் போட்டு இதே வரிசையில் கழித்துப் பாருங்கள். தவணையில் அசலும் குறைகிறதே என்று கேட்கலாம். குறைகிறது, ஆனால் மெதுவாக. நான் சொன்ன உதாரணத்தில் முதல் மாதத் தவணையில் 6-இல் 5 பங்கு வட்டிக்கே போகிறது. முதல் வருடம் முழுக்கக் கட்டிய பிறகும் அசலில் குறைந்திருப்பது 1.5தான்.

இதைக் கேட்டு வீடே வாங்காதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் துண்டை உங்களால் சிரமமில்லாமல் போட முடியும், நாளைக்கு விலை ஏறும் என்றும் நம்புகிறீர்கள் என்றால் வாங்கலாம். ஆனால் கையிருப்பு முழுவதையும் முன்பணத்தில் கொட்டிவிடாதீர்கள். 6 மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாக வைத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் முன்பணம்.

பராமரிப்புக்கு 1 சதவீதம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். நான் முதலில் வாடகைக்கு விட்ட வீட்டில், குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரக் கறை இருந்தது. குடியிருந்தவர் இரண்டு முறை போனில் சொன்னார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சில மாதத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அலமாரிக்குள் துணியெல்லாம் பூஞ்சை வாடை. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அவர் காலி செய்துவிட்டார், வேலை முடிய 2 மாதம் வீடு சும்மா கிடந்தது. அந்த இணைப்பைச் சொன்ன அன்றே மாற்றியிருந்தால் அரை நாள் வேலை. அதிலிருந்து, குடியிருப்பவர் தண்ணீர் என்ற சொல்லைச் சொன்னாலே அந்த வாரத்துக்குள் ஆளை அனுப்பிவிடுகிறேன்.

இனி குடிவருபவர் பற்றி. வாடகை அவருடைய மாத வருமானத்தில் 3-இல் 1 பங்குக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரிடமும் ஒரே விஷயங்களைக் கேளுங்கள், ஒரே அளவுகோலை வையுங்கள். இப்போது இருக்கும் வீட்டுக்காரரை மட்டும் விசாரித்தால் போதாது, ஏனென்றால் தொல்லை கொடுக்கும் ஆளை அனுப்பிவிட நினைப்பவரும் நல்லபடியாகத்தான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவருக்கு மறைக்க ஒன்றும் இருக்காது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் அவரையும் கூட வைத்துக்கொண்டு அறை அறையாக, சிங்க்கின் அடிப்பக்கம் உட்பட, தேதியோடு போட்டோ எடுங்கள். அவர் உங்களிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தரும்போது வருகிற சண்டையில் பெரும்பகுதி இதனாலேயே தவிர்ந்துபோகும். மங்கிய பெயின்ட், ஆணி அடித்த துளை எல்லாம் வாழ்ந்ததால் வரும் தேய்மானம். அதற்குப் பணம் பிடிப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. உடைந்த கதவு வேறு விஷயம்.

வாடகை தாமதமானால் முதல் மாதமே பேசிவிடுங்கள், அதையும் எழுத்தில் வையுங்கள். மூன்று மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டால் அது அவரால் கட்ட முடியாத தொகையாகிவிடும்.

ஒழுங்காக வாடகை தரும் ஒருவரை, 5 சதவீதம் கூடக் கேட்டு இழந்துவிடாதீர்கள். புது ஆள் வரும்வரை ஒரே ஒரு மாதம் வீடு காலியாக இருந்தாலும், அந்த நஷ்டத்தைக் கூடுதல் வாடகையில் எடுக்க 20 மாதம் ஆகும். பெயின்ட் செலவும் தரகுக் கட்டணமும் இதில் சேரவில்லை.

நீங்கள் பார்த்துவைத்திருக்கும் ஃப்ளாட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன், மழை பெய்த மறுநாள் ஒரு முறை போய்ப் பாருங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு, தண்ணீர் மீட்டர் இருந்தால் அரை மணி நேரம் கவனியுங்கள். முள் நகர்ந்தால், விலை பேசும் முன் அந்தக் கசிவைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.