எஞ்சின் 18 கிலோ கூடினால் விமானம் எந்தப் பக்கம் சாயும்?

கேள்வி: பரந்தனில் கராஜ் வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன், பாகங்களைப் பொதியாக வாங்கித் தன் வீட்டிலேயே ஒரு சின்ன விமானம் கட்டி, இரண்டு வருடமாகப் பறக்கிறார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இப்போது அதற்குக் கார் எஞ்சின் போடப் போகிறாராம். அது பழையதைவிட 18 கிலோ கூட. அதைச் சமப்படுத்த 7 கிலோ பற்றரியை முன்னாலிருந்து 2.5 மீற்றர் பின்னுக்கு மாற்றுகிறார். சீற்றுக்குப் பின்னால் 40 லீற்றர் மேலதிகத் தாங்கியும் வைக்க வேண்டுமாம். ஓகஸ்ட்டில் வரும்போது கொண்டுபோக, அந்தத் தாங்கியை என்னை அலுமினியத்தில் செய்து வைக்கச் சொல்கிறார். இரண்டு ஆட்கள், முழு எரிபொருளோடு இப்போதைய எடை 560 கிலோ, உச்ச எல்லை 600. அந்தச் சுமையில் சமநிலைப் புள்ளி பின் எல்லைக்கு 3 சென்ரிமீற்றர் முன்னால் நிற்கிறது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு வேறு எஞ்சின் பொருத்தி ஓடவிட்டிருக்கிறேன். விமானத்தில் என்ன வித்தியாசம்? தாங்கியைச் செய்து கொடுக்கலாமா?

பதில்: தம்பி, தாங்கியை இப்போது செய்ய வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அதற்குத் தேவையான இலக்கங்கள் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு மாற்றிப் பொருத்துவதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வன்னிக்குள் வராத காலத்தில், இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிள் ஓடினோம். என்னுடையது மாங்குளம் ரோட்டில் எத்தனையோ தரம் நின்றுபோனது. இறங்கி உருட்டினேன், பிளக்கைத் துடைத்தேன், திரும்ப ஓடினேன். அந்தக் கெட்டித்தனம் எஞ்சினோடு நின்றுவிடும். விமானத்தில் எஞ்சினைவிடச் சிக்கலானது, எந்த எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பது.

துலாவை நினைத்துப் பாருங்கள். துலா மிதிக்கிறவர் ஒரு அடி பின்னுக்குப் போனால் வாளி மேலே வரும். அவருடைய எடை மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது. விமானத்திலும் எடையைத் தூரத்தால் பெருக்கித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சமநிலைப் புள்ளி என்பது, அந்த இடத்தில் தாங்கிப் பிடித்தால் விமானம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம். அது முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் நடுவில் நின்றால்தான் பாதுகாப்பாகப் பறக்கலாம்.

கார் எஞ்சின் பழைய சமநிலைப் புள்ளிக்கு 1.2 மீற்றர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (சரியான தூரத்தை அண்ணாவிடம் கேளுங்கள்). 18 பெருக்கல் 1.2, முன்பக்கம் 21.6. பற்றரி 7 பெருக்கல் 2.5, பின்பக்கம் 17.5. இவ்வளவும்தான் என்றால் மிச்சம் 4.1 முன்பக்கம். மொத்த எடை 578ஆல் வகுத்தால் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. அண்ணா போட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும். இதுவரை சரி.

இனித் தாங்கியைச் சேர்ப்போம். பெற்றோல் லீற்றருக்குச் சுமார் 0.72 கிலோ, ஆகவே 40 லீற்றர் 29 கிலோ. தாங்கி, குழாய், கட்டுப்பட்டி எல்லாம் 4 கிலோ என்று பிடியுங்கள். மொத்தம் 33. அது 0.8 மீற்றர் பின்னால் இருந்தால் 26.4 பின்பக்கம் சேர்கிறது. கூட்டிக் கழித்தால் 22.3 பின்பக்கம். இப்போது மொத்த எடை 611 கிலோ. வகுத்தால் 3.6 சென்ரிமீற்றர் பின்னுக்கு. உங்களிடம் இருந்த இடைவெளி 3 தான்.

ஆக, உச்ச எடையை 11 கிலோ தாண்டிவிட்டது, பின் எல்லையையும் தாண்டிவிட்டது. எஞ்சின், பற்றரி, தாங்கி மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பிழை தெரியாது. மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டினால்தான் தெரியும். எடை முன்னால் கூடினால் இறங்கும்போது மூக்கைத் தூக்கக் கஷ்டப்படும். பின்னால் கூடினால் மூக்கு தானாகவே எழப் பார்க்கும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்து சுழன்று விழத் தொடங்கினால், மீட்க முடியாமலும் போகலாம். பாரத்தை முழுக்கப் பின்னால் ஏற்றிய ட்ரெயிலர் லாண்ட்மாஸ்டரின் கொழுக்கியை மேலே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே, அந்த மாதிரி.

எஞ்சினைச் சமப்படுத்தப் பற்றரியை வாலுக்குத் தள்ளுவதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தராசில் சமம் வந்துவிடும், ஆனால் இரண்டு முனையிலும் பாரம் கட்டிய தடி மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட தடியைச் சுழற்றத் தொடங்குவதும் கஷ்டம், சுழன்றால் நிறுத்துவதும் கஷ்டம். இந்தத் தாள்க் கணக்கில் அது வராது. பற்றரிக்குப் போகும் நீளமான செப்புக் கேபிளுக்கும் எடை உண்டு, பலர் அதை எழுத மறந்துவிடுவார்கள்.

கணக்கை ஒரு தரம் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் மட்டும் இருந்தால், இரண்டு பேர் இருந்தால், தாங்கி நிறைந்திருந்தால், வற்றினால் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போடுங்கள். புறப்படும்போது எல்லைக்குள் நிற்கும் விமானம் பெற்றோல் குறையக் குறைய வெளியே போகலாம். மாற்றம் முடிந்ததும் மூன்று சில்லுக்கும் கீழே மூன்று தராசு வைத்து, விமானத்தை மட்டமாக நிறுத்தி, உண்மையான எடையை எடுக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன எடையும் இணையத்தில் பார்த்த எடையும் கணக்கில் வராது.

கார் எஞ்சின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன விமானங்களின் சுழலி (முன்னால் சுற்றும் விசிறி) ஏறத்தாழ நிமிடத்துக்கு 2700 சுற்றுக்கு மேல் போகக்கூடாது. நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் சத்தம்தான் மிஞ்சும், இழுவை இருக்காது. கார் எஞ்சின் பலம் காட்டுவது 5000 சுற்றுக்குப் பக்கத்தில். அதனால் நடுவில் வேகம் குறைக்கும் கியர் பெட்டி வேண்டும். முறுக்கு அதிர்வு (எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் தண்டை முறுக்கி விடுவது) அந்தப் பெட்டியைத்தான் முதலில் தின்னும். காரில் எஞ்சின் முழுப் பலத்தில் ஓடுவது முந்தும்போது சில விநாடிகள்தான். விமானத்தில் முக்கால் பலத்தில் மணிக்கணக்காக ஓட வேண்டும். செய்ய முடியாததல்ல, செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சினுக்கு மிச்சம் பிடித்த காசு குளிரூட்டலுக்கும் கியர் பெட்டிக்கும் போய்விடும். பலமான எஞ்சின் போட்டதற்காக விமானத்தின் உச்ச வேக எல்லை உயராது என்பதையும் அண்ணாவிடம் சொல்லுங்கள். அந்த எல்லை இறக்கைக்கும் வாலுக்கும் உரியது.

எரிபொருள் பக்கம் நான் பட்டது ஒன்று. வளைகுடாவில் விமானப் பராமரிப்பு வேலையில் இருந்த காலத்தில், ஒரு நண்பரின் சிறு விமானத்துக்கு மேலதிகத் தாங்கி வைத்துக் கொடுத்தேன். தாங்கிக்குள் காற்றை விடும் துளைக் குழாயின் வாயைப் பின்பக்கம் பார்க்க வெட்டினேன், மழைத் தண்ணீர் போகாது என்ற எண்ணத்தில். நிலத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டோம், ஒரு குறையும் இல்லை. ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் எஞ்சின் இருமியது. வேகமாகப் போகும் காற்று அந்த வாயிலிருந்து உறிஞ்சியது, தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்க மறுத்தது. நல்ல காலம், சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்பவில்லை. வாய் முன்பக்கம் பார்க்க வேண்டும். (முன்பக்கம் பார்த்தால் மண் குளவி கூடு கட்டும். பறக்காத நாட்களில் மூடி போட்டு, பறக்கும் முன் மறக்காமல் எடுக்க வேண்டும்.)

பெற்றோல் ஓட்டத்தையும் அளக்க வேண்டும். மூக்கை மேலேறும் கோணத்துக்கு உயர்த்தி வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விடுங்கள். புவியீர்ப்பில் வருவதென்றால் முழுப் பலத்தில் எஞ்சின் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும், பம்பில் என்றால் ஒன்றேகால் மடங்கு. மணிக்கு 30 லீற்றர் குடிக்கும் எஞ்சினுக்குப் புவியீர்ப்பில் இரண்டு நிமிடத்தில் ஒன்றரை லீற்றர் விழ வேண்டும்.

இரண்டாவது தாங்கி வந்தால் மாற்றும் வால்வும் வரும். அதை எங்கே வைக்கப் போகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். பாடகர் ஜோன் டென்வர் 1997 ஒக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மொன்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லோங் ஈசி என்ற வீட்டில் கட்டிய விமானம். வடிவமைத்த பேர்ட் ருட்டானின் வரைபடத்தில் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர், எரிபொருள் குழாய் ஆள் இருக்கும் அறைக்குள் வரக்கூடாது என்று நினைத்து, அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதைத் திருப்ப உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் திசை மிதியை அழுத்திவிடும் என்பதை விசாரணையில் கண்டார்கள். வால்வை எட்ட முடியாத இடத்தில் வைத்ததும் விபத்துக்கான காரணங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. டென்வர் அந்த விமானத்தை அண்மையில்தான் வாங்கியிருந்தார். தான் கட்டாத விமானத்தில், இன்னொருவர் மாற்றியதை அவர் சுமந்தார்.

அண்ணா ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யட்டும். எஞ்சினை மாற்றி, எடை போட்டு, தனியாகப் பறந்து பார்த்துவிட்டு, அப்புறம் தாங்கியைப் பற்றி யோசிக்கலாம். மூன்றையும் ஒன்றாகச் செய்து பறப்பில் ஏதாவது விநோதமாக இருந்தால், எதால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கனடாவில் இதற்குப் பொறுப்பானவர்களிடம் வேலை தொடங்கும் முன்பே கேட்கட்டும், முடித்த பிறகு அல்ல.

எங்கள் தலைமுறைக்கு வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடித்தான் பழக்கம். என் மனைவிக்கு இன்றைக்கும் ஹெலிகொப்டர் சத்தம் பிடிக்காது. உங்கள் வீட்டில் ஒருவர் தன் கையால் கட்டியதில் பறக்கிறார் என்று கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஓகஸ்ட்டில் வரும்போது தாங்கியின் அளவை விட்டுவிட்டு, எடை போட்ட தாளையும் சில்லு மூன்றின் தூரங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓமந்தைக்கு வந்தால் இருந்து கணக்குப் போடலாம். வரும் வழியில் முறிகண்டியில் எனக்கும் ஒரு பை கச்சான் வாங்கி வாருங்கள்.